எங்கள் ஊர் நூலகத்தை இடம் மாற்றப் போகிறார்கள். கஜா புயல் சமயத்தில் அது செய்ததை எழுதி வைக்க உதவுங்கள்

கடைமடைக்காரன் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். ஊருக்கு நடுவில் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. ஒரே அறை, முன்னால் சின்னத் திண்ணை, தளம் போட்ட கட்டடம். அந்த இடம் வேறு வேலைக்கு வேண்டுமாம். நூலகத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டுக்குக் கொண்டு போகலாம் என்று பேச்சு ஓடுகிறது. "இப்ப யாருப்பா புஸ்தகம் படிக்கிறா, எல்லார் கையிலயும் போன் இருக்கு" என்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். அதில் என்ன எழுதுவது என்று யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தகமே இல்லை, கஜாதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்தது. எங்கள் வீட்டு ஓடு பாதி போய்விட்டது. அப்பா வைத்திருந்த 84 தென்னையில் நின்றது 9. கரண்ட் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல வாரம் ஆனது.

மூன்றாவது நாள் நூலகர் அம்மா வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து ஊர், ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் பாதி தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்கள். வந்ததும் சன்னல்களைத் திறந்து, நனைந்த புத்தகங்களைத் திண்ணையில் விரித்துக் காயவைத்தார்கள். அப்புறம் மேசையை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே நடந்ததெல்லாம் மனு எழுதும் வேலைதான். விழுந்த தென்னைக்கு வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. அதற்குச் சர்வே எண், பட்டா எண், மரக்கணக்கு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வேண்டும். எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதற்கு முன் ஒரு நாள்கூட அந்த நூலகப் படி ஏறாதவர்.

அப்பாவின் பாஸ்புக் நனைந்து மை பரவிக் கிடந்தது. அந்த அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார்கள். நான் எழுதினேன். கடைசி இரண்டு எண் தெரியவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் பணம் எடுத்த பழைய சீட்டு ஒன்று இருந்தது, அதில் கிடைத்தது. எழுதிய ஒவ்வொரு மனுவையும் ஒரு நீள நோட்டில் பெயர், தேதி, மர எண்ணிக்கையோடு குறித்து வைத்தார்கள். பின்னால் ஆபீஸில் "உன் மனு வரவே இல்லை" என்று சொன்னபோது அந்த நோட்டைக் காட்டித்தான் பதினேழு வீட்டுக்காரர்கள் மறுபடி பதிய முடிந்தது.

உங்கள் ஊர் நூலகம் இப்படி ஏதாவது கஷ்ட காலத்தில் கை கொடுத்திருந்தால் எழுதுங்கள். மனுவில் சேர்க்க உதவும்.

---

தென்சென்னை_வாசி | திங்கள், இரவு 10.05

நண்பரே, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராம சபையில் யாராவது கேட்பார்கள், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னது அந்த அம்மாவின் பெருமை. நூலகத்தின் பெருமையா? அவர் இருந்த இடத்தில் நல்ல டீச்சர் ஒருவர் இருந்திருந்தால் பள்ளிக்கூட வாசலில் இதே வேலை நடந்திருக்கும். இன்றைக்கு இ-சேவை மையம் இருக்கிறது, மனு போட அங்கே போகலாம். அப்படியானால் நூலகம் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

---

ஓய்வுபெற்ற_நூலகன் | செவ்வாய், காலை 6.40

தம்பி தென்சென்னை, நல்ல கேள்வி. 32 வருடம் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன், சொல்கிறேன்.

இ-சேவை மையத்துக்குப் போகிறவர் என்ன வேலையாக வந்தேன் என்று சொல்ல வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வேலை முடிந்ததும் எழுந்து போக வேண்டும். நூலகத்தில் இது எதுவும் கிடையாது. வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். "ஏன் வந்தாய்" என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

2002, 2003இல் காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள். அப்போது நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன். நடவு இல்லை, அறுவடை இல்லை. இளைஞர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். காலை எட்டு மணிக்கு நான் பூட்டைத் திறக்குமுன் நாலைந்து வயதானவர்கள் வாசலில் நிற்பார்கள். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பதினொரு மணி வரை இருப்பார்கள். ஒருவர் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் காலைச் சாப்பாடு ஒருத்தருக்குக் குறைந்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று கிளம்பி வந்துவிடுகிறார். டீக்கடையில் உட்கார்ந்தால் காசு வேண்டும். கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். நூலகத்தில் கையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தால் அவர் வாசகர். எந்த மையத்தாலும் இந்த மரியாதையைக் கொடுக்க முடியாது.

அதே காலத்தில் அரசு வேலை நியமனத்துக்கும் தடை இருந்தது. 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வாரத்துக்கு ஒரு பிரதி வரும். படிக்க நாற்பது பேர் காத்திருப்பார்கள். யாரோ ஒருவர் பிளேடால் விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்தது உண்மை. அதற்கப்புறம் பேப்பர் வந்தவுடனே வேலை விளம்பரங்களைப் பலகையில் கையால் எழுதிப் போட ஆரம்பித்தேன். தினசரிகளையும் தாள் தாளாகப் பிரித்துப் போட்டேன். ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் ஆறு பேர் படித்தார்கள். மாலையில் மறுபடி அடுக்கிக் கோர்ப்பது என் வேலை.

இன்னொன்று. இது யாரும் இலவசமாகக் கொடுத்தது இல்லை. 1948 பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 பைசா. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் நூறு ரூபாய் நூலகத்துக்கென்று தனியாகப் போட்டிருக்கும். சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் இதுதான். அதற்காகப் பாடுபட்ட சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற தம்முடைய ஐந்து விதிகளை அவர் வெளியிட்டது 1931இல். அதே வருடம் அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. உலகம் முழுவதும் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. அந்த நேரத்தில்தான் நம் டெல்டாவில் புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கடைமடைக்காரரே, இதை மனுவில் எழுதுங்கள், உங்கள் மண்ணின் கதை.

---

மூன்றாவது_முயற்சி | செவ்வாய், மதியம் 2.20

நான் விருதுநகர் மாவட்டம். எனக்கும் சொல்ல இருக்கிறது.

2020இல் ஊரடங்கு போட்டபோது வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வேலை போய் எல்லாரும் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு அறை, ஏழு பேர். நான் பி.காம். முடித்துவிட்டுக் கல்யாணத்தோடு நிறுத்தினவள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதலாம் என்று நினைத்தேன். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் யாராவது ஒரு வேலை சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த வீட்டில் உட்கார இடமே கிடையாது.

செப்டம்பரில் நூலகம் திறந்தார்கள் என்று தெரிந்ததும் போனேன். முதல் நாள் உள்ளே போகவே கூச்சமாக இருந்தது, முழுக்க ஆண்கள். நூலகர் ஐயா ஒன்றும் பேசாமல் அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டார். மறுநாள் வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. ஒரு மாதத்தில் அந்த வரிசையில் நாலு பெண்கள் ஆகிவிட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகம் எல்லாம் அங்கே ஒரு செட் இருந்தது. கடையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அப்போது எங்களால் முடிந்திருக்காது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் கழிப்பறை இல்லை. காலையில் கிளம்பும்போது தண்ணீர் குடிக்காமல் கிளம்புவோம். சிறுநீர்க் கடுப்பு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். என் தோழி அதோடு நின்றே விட்டாள். மனு எழுதும்போது கழிப்பறையை மறக்காதீர்கள் அண்ணா.

2022இல் எழுதினேன். 7,301 இடத்துக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்த வருடம். கிடைக்கவில்லை. இப்போது ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறேன். மாலை ஐந்தரைக்கு மேல் இன்னமும் அதே நாற்காலிக்குத்தான் போகிறேன்.

---

பழைய_வாசகர் | செவ்வாய், மாலை 5.48

அந்தத் தங்கை மேல் எனக்கு மரியாதை உண்டு, வேலை கிடைக்க வாழ்த்துகள். ஆனாலும் என் வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 71 வயது. நாற்பது வருடமாக உறுப்பினர். இப்போது எங்கள் நூலகத்துக்குப் போனால் நாற்காலி இல்லை. எல்லா மேசையிலும் சொந்தப் புத்தகத்தோடு போட்டித் தேர்வுப் பிள்ளைகள். கதை, கவிதை, வரலாறு எடுத்துப் படிக்க வருகிறவர்கள் நின்றுகொண்டே புரட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வாங்கும் புத்தகத்திலும் பாதி கைடுதான். நூலகத்தைப் படிப்பு மண்டபம் ஆக்கிவிட்டு அதை நூலகம் என்று சொல்வது சரியா?

---

ஓய்வுபெற்ற_நூலகன் | செவ்வாய், இரவு 8.15

ஐயா சொல்வது நியாயம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது, மதுரை கலைஞர் நூலகம் போலப் பெரிய கட்டடம் என்றால் இடம் பிரிக்கலாம். ஒற்றை அறைக் கிளை நூலகத்தில் என்ன செய்வது?

நான் செய்ததைச் சொல்கிறேன். சன்னலோரம் மூன்று நாற்காலி மட்டும் நூலகப் புத்தகம் கையில் இருப்பவர்களுக்கு என்று வைத்தேன். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே காவல் காத்தார்கள். ஒரு பெரியவர் வந்தால் "தாத்தா, உங்க சீட்டு" என்று எழுந்து கொடுப்பார்கள். அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். இரண்டு மாதத்தில் அவரைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து தனிவட்டி, கூட்டுவட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் என்று புகார் வந்தது. திண்ணைக்கு அனுப்பினேன்.

கைடு வாங்குவதில் எனக்கும் ஐயா கருத்துதான். பாடப்புத்தகம் போதும், அந்தப் பணத்துக்கு நல்ல நூல் வாங்கலாம்.

---

தென்சென்னை_வாசி | செவ்வாய், இரவு 9.30

ஐயா, நாற்காலி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கஷ்ட காலம் என்று பேசுகிறோம், எல்லாவற்றிலும் பெரிய கஷ்ட காலத்தில் நூலகம் மூடித்தானே இருந்தது? 2020 மார்ச்சில் பூட்டியது, செப்டம்பரில்தான் திறந்தது. மதுக்கடையை மே 7ஆம் தேதியே திறந்தார்கள். நீதிமன்றம் வரை போய் மூடித் திறந்து, அந்த மாதமே வியாபாரம் நடந்தது. அப்போது என் அம்மா எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். வாரம் இரண்டு புத்தகம் வாசிக்கிறவள். ஐந்து மாதமாகக் கையில் இருந்த அதே மூன்று நூலகப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாசலில் மேசை போட்டு இரவல் மட்டுமாவது கொடுத்திருக்கலாம். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

மதுரை_டு_மிசௌரி | புதன், காலை 7.05

நான் சில வருடம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் வேலை பார்த்தேன். அங்கே பக்கத்தில் ஃபெர்குசன் என்று ஒரு சின்ன ஊர். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஊரே கொதித்தது, கண்ணீர்ப்புகை, கடையடைப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த ஊர் நூலகத்தில் முழுநேர நூலகர் ஒரே ஒருவர்தான், ஸ்காட் பானர், வந்து சில வாரமே ஆனவர். அவர் மூடவில்லை. ஆசிரியர்கள் தாங்களாகவே வந்து அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். நவம்பரில் அந்த போலீஸ்காரர் மேல் வழக்கு இல்லை என்று முடிவு வந்தபோது மறுபடி கலவரம், மறுபடி பள்ளிக்கு லீவு. அப்போதும் நூலகம் திறந்திருந்தது. அந்தச் செய்தி பரவி, முன்பின் தெரியாத மக்கள் அனுப்பிய நன்கொடை மட்டும் 3 லட்சம் டாலரைத் தாண்டியது.

தென்சென்னை கேட்ட முதல் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதென்று நினைக்கிறேன். கட்டடம் அதே கட்டடம்தான். திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க அங்கே ஓர் ஆள் இருந்தார், முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. நம் ஊர் நூலகரிடம் சாவி மட்டும்தான் இருக்கிறது.

---

வலிகாமம் | புதன், முற்பகல் 11.30

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பொது நூலகத்தை 1981இல எரிச்சது, 97,000 புத்தகம் சாம்பலானது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வாறது அதைப் பற்றி இல்லை. எங்கட ஊர்களில சனசமூக நிலையம் எண்டு இருக்கும், அதோட ஒரு வாசிகசாலை. ஒரு மேசை, இரண்டு வாங்கு (பெஞ்ச்), பேப்பர். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு வாங்க ஏலாது, பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். பேப்பர் அடிக்கவும் தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரிக் கோடு போட்ட தாளில அச்சடிச்சு வந்தது. அந்த ஒரு பிரதி வாசிகசாலைக்கு வரும். பின்னேரம் ஒருத்தர் எழும்பி நிண்டு சத்தமாய் வாசிப்பார். சனம் வேலிக்கு வெளியில கூட நிண்டு கேக்கும். ஜாம் போத்தில் விளக்கில படிக்கிற உயர்தரப் பரீட்சைப் பிள்ளையள் நாலைஞ்சு பேர் அங்க வந்து ஒரு விளக்கைச் சுத்தி இருந்து படிப்பினம். அப்பிடி எண்டால் ஒரு வீட்டு மண்ணெண்ணெய் செலவில நாலு வீட்டுப் பிள்ளை படிக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வில நாங்கள் எல்லாரும் தென்மராட்சிக்குப் போனம். அங்க இருந்த ஒரு வாசிகசாலைச் சுவரில ஆக்கள் துண்டு எழுதி ஒட்டியிருந்தினம். "அம்மா, நாங்கள் இந்தப் பள்ளிக்கூடத்தில நிக்கிறம்" எண்டு. சித்தப்பாவை நாங்கள் கண்டுபிடிச்சது அந்தச் சுவரில ஒட்டியிருந்த ஒரு துண்டாலதான். பள்ளிக்கூடத்துச் சுவரில ஏன் ஒட்டேல்லை எண்டு பிறகு யோசிச்சனான். அங்க எல்லாம் சனம் நெருக்கி அடிச்சுக் கிடந்தது. பேப்பர் பார்க்க எப்பிடியும் எல்லாரும் வாசிகசாலைக்கு வருவினம் எண்டு சனத்துக்குத் தெரியும்.

கடைமடை அண்ணை, உங்கட நூலகத்தை ரெண்டு கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோக விடாதேங்கோ. நடந்து வாற தூரத்தில இருந்தால்தான் அது நூலகம்.

---

கரிசல்_தம்பி | புதன், மதியம் 1.10

மிசௌரி அண்ணன் சொன்ன ஆள் விஷயத்தை ஒட்டி ஒன்று. எங்கள் ஊரில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகக் கட்டடம் இருக்கிறது. 2006க்கு அப்புறம் ஊராட்சிதோறும் கட்டினார்களே, அதுதான். நான் ஐந்தாவது படிக்கும்போது திறந்தார்கள். புது நாற்காலி, புதுப் புத்தகம், வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு வருடம் ஓர் அக்கா வந்து திறந்தார். அவருக்குக் கொடுத்த சம்பளம் பஸ்ஸுக்கே பத்தாது, நின்றுவிட்டார். பூட்டு விழுந்தது. இப்போது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைந்த குப்பை வண்டியும் கிடக்கிறது. 2020இல் நாங்கள் ஆன்லைன் கிளாஸுக்கு சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டடத்தைத் திறந்து ஒருவர் உட்கார்ந்திருந்தால் எங்கள் செட்டில் பாதிப் பேர் படிப்பை விட்டிருக்க மாட்டார்கள்.

---

ஓய்வுபெற்ற_நூலகன் | புதன், மாலை 6.25

தம்பி சொல்வது ஊராட்சி நடத்தும் நூலகம், கடைமடைக்காரர் சொல்வது பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம். இரண்டும் வேறு. மனுவில் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊர்ப்புற நூலகத்துக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுதான் பொறுப்பு. அதனால் கிராம சபைத் தீர்மானத்தின் நகலை மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்புங்கள்.

ஊரடங்கு பற்றித் தென்சென்னை தம்பியின் கோபம் எனக்கும் உண்டு. மூடச் சொல்லி வந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டேன், முதல் இரண்டு மாதம் என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கொடுத்திருக்கலாம். என் பழைய நூலகத்தில் வேலை பார்த்த ஒருவர் தாமாகவே பத்துப் பன்னிரண்டு முதியவர்களுக்கு வீட்டு வாசலில் புத்தகம் வைத்துவிட்டு வந்தார். திரும்ப வந்ததை மூன்று நாள் தனியாக வைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். 2022 டிசம்பரில் நூலக நண்பர்கள் திட்டம் என்று தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் கொடுப்பதைத் துறையே ஆரம்பித்தது. முதியவர், மாற்றுத்திறனாளி, வெளியே வர முடியாதவர்களுக்கு. தம்பி, உங்கள் அம்மாவுக்கு அருகிலுள்ள கிளையில் கேட்டுப் பாருங்கள்.

கடைமடைக்காரரே, உங்கள் ஊரில் இப்போது நூலகர் தினமும் வருகிறாரா?

---

கடைமடைக்காரன் | புதன், இரவு 8.50

இல்லை ஐயா. அந்த அம்மா 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இப்போது இருப்பவருக்கு இரண்டு நூலகம், எங்களுடையது கூடுதல் பொறுப்பு. வாரம் மூன்று நாள் வருகிறார். என்றைக்கு என்று தெரியாததால் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். "யாரும் வருவதில்லை" என்று சொல்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம் என்று இப்போதுதான் உறைக்கிறது. கட்டடத்தை எடுக்காதே என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். முழுநேர நூலகர் வேண்டும் என்பதை முதல் வரியாக மாற்றுகிறேன்.

---

ஓய்வுபெற்ற_நூலகன் | புதன், இரவு 9.20

மாற்றுங்கள். அதோடு ஒரு தகவல் கேட்கும் மனுவும் போடுங்கள். வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு: கடந்த ஐந்து வருடத்தில் நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆகவே இந்த வாரமே அனுப்பினால்தான் கிராம சபைக்கு முன் கையில் இருக்கும். நூலகத்துக்குக் காசு இல்லை என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைக் காட்டுங்கள். வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதில் பங்கு போட்டிருக்கிறார்கள்.

வாசகர் வட்டம் இருந்ததா, இல்லையா? இல்லாவிட்டால் ஆரம்பியுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர், பெயர்ப் பலகையில் பெயர் வரும். வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் சேருவார்கள்.

---

தென்சென்னை_வாசி | புதன், இரவு 10.40

கடைமடை நண்பரே, வெளியூர்க்காரன் சேரலாம் என்றால் உங்கள் நூலகத்தில் என் அம்மா பெயரில் ஒரு புரவலர். தனிமடலில் எழுதுகிறேன். நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கவில்லை, அதற்குக் கிடைத்த பதிலை அப்படியே மனுவில் போடுங்கள் என்கிறேன். பேப்பரைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் என் தாத்தா மாதிரி இருந்தார்.

---

மூன்றாவது_முயற்சி | வியாழன், காலை 6.15

கழிப்பறை அண்ணா. மூன்றாவது வரியிலாவது.

---

கடைமடைக்காரன் | ஞாயிறு, இரவு 7.30

எழுதிவிட்டேன் தங்கச்சி, இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. தகவல் மனு வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போய்விட்டது.

நேற்று நூலகம் திறந்திருந்தது. பழைய வருகைப் பதிவேடு கிடைக்குமா என்று கேட்டேன். பொறுப்பு நூலகர் அலமாரி மேலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். 2018 பதிவேட்டின் ஓரம் முழுக்கப் பழுப்பாகத் தண்ணீர்க் கறை. நவம்பர் 15 வரை தினமும் இருபது, இருபத்தைந்து கையெழுத்து. அதற்குப் பிறகு இரண்டு வரி காலி. நவம்பர் 18 அன்று நூலகர் அம்மாவின் கையெழுத்தில் "புயல். காலை 10.20க்குத் திறக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. அன்று வந்தவர்கள் 61 பேர். மறுநாள் 94. பாதிக்கு மேல் கைநாட்டு, பக்கத்தில் வந்தவர் பெயரை நூலகர் அம்மா எழுதியிருக்கிறார்கள். பேனா மையைத் தொட்டு வைத்திருப்பார்கள் போல, எல்லா ரேகையும் நீலமாக இருக்கிறது.

அந்த நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். கிராம சபையில் பந்தலில் மாட்டப் போகிறோம். அப்பாவிடம் காட்டினேன். நவம்பர் 19, பதினோராவது வரி, அவர் கையெழுத்து. "இதுல நம்ம ஊர்ல பாதிப் பேர் இருக்காங்கடா" என்று விரலை வைத்து ஒவ்வொரு பெயராக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் ஆறு பேர் இப்போது இல்லை. நூலகர் அம்மாவுக்கும் போன் செய்தேன். அக்டோபர் 2 அன்று வருகிறேன் என்றிருக்கிறார்கள். அந்த நீள நோட்டு இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறதாம், எடுத்து வருகிறார்கள்.